இடக்கை முடிச்சு

நாற்பத்தாறு வயதில் கண் மங்குவது பெரிய சங்கதி இல்லை. எல்லாருக்கும் வருவதுதான். ஊசியில் நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவோம், ரேஷன் கார்டை எட்டப் பிடித்துப் படிப்போம், கடைசியில் ஒருநாள் தாம்பரத்துக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்வோம். அனகாபுத்தூர் செல்வமேரியால் அந்தக் கண்ணாடியை மாட்ட முடியவில்லை. மாட்டியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அவள் வேலை பார்த்தது பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு மேற்கே, முடிச்சூர் போகிற பக்கம், ஒரு விதைக் கம்பெனியின் தோட்டத்தில். முள்கம்பி வேலிக்குள் பன்னிரண்டு ஏக்கர் தக்காளி. குழம்புக்குப் போகிற தக்காளி அல்ல. விதைக்குப் போகிற தக்காளி. எண்பதுகளில் வீரிய ஒட்டு விதை என்றால் விவசாயிகள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். அந்த வீரியம் அத்தனையும் முப்பது பெண்களின் விரல் நுனியில் இருந்தது என்பது பாக்கெட்டைப் பிரித்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

வேலை இதுதான். பூ மலர்வதற்கு முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல், மொட்டைப் பிரித்து, நடுவில் கூம்பாக நிற்கிற மஞ்சள் பாகத்தைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். அது பூவின் ஆண் பாகம். அதை எடுத்தால் உள்ளே குண்டூசி கனத்தில் பச்சையாகப் பெண் பாகம் மட்டும் நிற்கும். காம்பில் நூலைக் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அப்பன் செடியின் மகரந்தத்தைக் கொண்டுபோய் அந்தப் பச்சையின் தலையில் தொட்டு வைக்க வேண்டும். மஞ்சளில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும் போச்சு. பூ தன்னைத்தானே சேர்த்துக்கொண்டுவிடும். விதை தாயைப் போலவே பிறக்கும். அப்படிப் பிறப்பதற்குத் தோட்டத்தில் 'தப்புச்செடி' என்று பெயர்.

தப்பைக் கண்டுபிடிக்கத் தோட்டத்தின் பொறுப்பாளர் சாம்பசிவன் சாரிடம் ஒரு வழி இருந்தது. தாய்ச்செடி முளைக்கும்போது தண்டு பச்சையாக இருக்கும். அப்பன் செடிக்கு ஊதா. ஒழுங்காகச் சேர்ந்த விதை ஊதாத் தண்டோடு முளைக்கும். தப்பு பச்சையாக முளைத்துத் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிற நூல். நிறம் பார்த்துப் பழம் பறித்து, ஒவ்வொரு நிறத்திலும் நானூறு நாற்றை மணல் தட்டில் வளர்த்து, பச்சையை எண்ணுவார். பதினைந்து நாளில் எவள் கை சரி, எவள் கை தப்பு என்று தெரிந்துபோகும்.

நூல் கொண்டுவருவது செல்வமேரியின் பொறுப்பு. அனகாபுத்தூரில் தறிக்கா பஞ்சம்? லுங்கி நெய்கிற வீடுகளில் அறுத்துப்போட்ட நுனிகளை நிறவாரியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள். தனக்குச் சிவப்பை எடுத்துக்கொண்டாள். பக்கத்து வரிசை ரத்தினபாய்க்கு நீலம் கொடுத்தாள்.

ரத்தினபாய் பொத்தேரிக்காரி. செல்வமேரியைவிட நாலு வயது மூத்தவள். புருஷன் தனசிங் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை. ரத்தினபாய்க்கு இடது கைப் பழக்கம். சாப்பிடுவது மட்டும் வலது கை. மற்ற எல்லாம் இடதுதான். அதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் தோட்டத்தில் கிடையாது. ஆனால் அந்தக் கை பூவுக்குள் போய்விட்டு வருவதைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். கம்பெனி கொடுத்த இடுக்கியை அவள் தொட்டதே இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். கிள்ளுவாள், ஒரு திருகு திருகுவாள், போடுவாள். மஞ்சள் கூம்புகள் செடிக்கு இடதுபுறம் சின்னக் குவியலாக விழுந்திருக்கும். நூலை எல்லாரும் ஒரு பக்கம் சுற்றினால் அவள் எதிர்ப்பக்கம் சுற்றுவாள். கட்டி முடித்ததும் பூவை விரல் நுனியால் ஒரு தட்டு தட்டுவாள், 'சரி, நீ போ' என்பதுபோல. அது அவளுடைய வழக்கம்.

எண்பத்தேழாம் வருஷம் மாசிக் காய்ப்புக்கு முன்னால் செல்வமேரிக்குப் பூ தெரியவில்லை.

செடி தெரிந்தது, இலை தெரிந்தது, பூவும் மஞ்சளாகத் தெரிந்தது. பூவுக்குள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் புகைமூட்டமாகிவிட்டது. கண்ணாடி போட்டவர்களுக்குக் கிராசிங், அதாவது இந்தப் பூச் சேர்க்கிற வேலை, கிடையாது என்பது சாம்பசிவன் சாரின் சட்டம். குனியும்போது கண்ணாடி நழுவிக் கிளையில் விழும், பூ ஒடியும் என்பார். களை பிடுங்க அனுப்பிவிடுவார், பாதிக் கூலி. செல்வமேரியின் புருஷன் சவுரிமுத்து தோல் பதனிடுகிற ஷெட் மூடியதிலிருந்து வீட்டோடு இருந்தான். அடுப்பு எரிந்தது அவள் ஒருத்தி கையால். அதனால் கண் தெரிவதுபோலவே நடித்தாள். விரலால் தடவி, உத்தேசமாகக் கிள்ளினாள். எந்தப் பூவில் சந்தேகம் வந்ததோ அந்தப் பூவுக்குச் சிவப்பு கட்டாமல் நீலம் கட்டினாள்.

முதல் நாள் மூன்று பூ. ரத்தினபாயின் நூற்றுக்கணக்கான நல்ல பூக்களில் இந்த மூன்று கரைந்துபோகும், யாருக்கும் ஒரு சேதமும் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒரு வாரத்தில் நாளுக்கு இருபது ஆயிற்று. பாவம் செய்கிறவர்களுக்கு எண்ணிக்கை மறந்துபோவது ஏனோ தெரியவில்லை.

நீலத் தட்டில் நானூறுக்கு ஐம்பத்தேழு பச்சை முளைத்தது.

"என்னம்மா இது?" என்றார் சாம்பசிவன் சார். தட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். முப்பது பெண்களும் சுற்றி நின்றார்கள்.

"பீச்சாங்கையால தொட்டா பூவு எப்டி சார் வெளங்கும்?" என்று காந்திமதி என்கிறவள் முணுமுணுத்தாள். சிலர் சிரித்தார்கள்.

ரத்தினபாய் தன் இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். யாரோ அவளிடம் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையா சார்?" என்றாள். அவள் செல்வமேரியிடம் திரும்பினாள். "மேரி, நீ பக்கத்துலதானே இருந்த. என் கை தப்பு பண்ணுச்சா? நீ பாத்தியா?"

"நா இன்னாத்தக் கண்டேன்க்கா" என்றாள் செல்வமேரி.

ரத்தினபாய் அழவில்லை, சண்டை போடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். தன் கைதான் கெட்டுப்போய்விட்டது என்று அவள் நம்பிவிட்டாள். அது முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஆனி மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது என்று காந்திமதி வந்து சொன்னாள். பெண்கள் சேர்ந்து பார்க்கப் போனார்கள். செல்வமேரி தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டாள்.

அடுத்த வருஷம் தை மாதம் மறுபடி பூ எடுத்தது. அந்தத் தடவை செல்வமேரி நீல நூலே கொண்டுவரவில்லை. தோட்டத்தில் யாரிடமும் நீலம் இல்லை. தப்பை இனி எங்கே ஒளிப்பது என்ற பயத்தோடுதான் முதல் நாள் மூன்று மணிக்குத் தன் வரிசையில் குனிந்தாள்.

முதல் செடியில் கைவைத்தாள். மஞ்சள் கூம்பு விரலில் தட்டுப்படவில்லை. ஏற்கெனவே எடுத்தாகிவிட்டிருந்தது. நடுவில் பச்சை ஊசி மட்டும் நின்றது. காம்பைத் தடவினால் நூல். கண்ணுக்கு எட்டப் பிடித்துப் பார்த்தாள். நீலம்.

காந்திமதியின் குறும்பு என்று நினைத்தாள். இரண்டாவது செடிக்குப் போனாள். அங்கேயும் எடுத்திருந்தது. மூன்றாவதிலும். செடிகளின் இடதுபுறம், வெயிலில் வறண்ட மண்ணில், மஞ்சள் கூம்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. கிள்ளி அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, இன்னும் வாடவில்லை. வரிசையில் அவளைத் தவிர ஆள் இல்லை. நாலு வரிசை தள்ளி காந்திமதி முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். சூரியன் உச்சியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை.

செல்வமேரி பன்னிரண்டாவது செடியின் முன்னால் உட்கார்ந்தாள். அதில் ஆறு மொட்டு தொடாமல் இருந்தன. யார் வந்தாலும் பார்த்துவிடுவது என்று கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போயிற்று. மொட்டுகள் அப்படியே இருந்தன. பிறகுதான் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. நகம் நகத்தில் உரசுகிற மாதிரி, மிகச் சின்னதாக. டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். திரும்பினாள். பதின்மூன்றாவது செடியில் ஒரு பூ மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, யாரோ விரல் நுனியால் தட்டிவிட்டுப் போனதுபோல. அதன் காம்பில் நீல நூல் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

மறுபடி முன்னால் திரும்பியபோது பன்னிரண்டாவது செடியின் ஆறு மொட்டும் முடிந்திருந்தன.

"சேசுவே" என்று சொன்னாள், சத்தம் வரவில்லை. ஓடியிருக்க வேண்டும். யாராயிருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆனால் பயத்துக்கு நடுவிலும் அவள் புத்தி வேறு ஒன்றைக் கணக்குப் பார்த்தது. இந்தப் பூ ஒன்றிலும் தப்பு இல்லை. ரவிக்கையிலிருந்து பிளேடை எடுத்தாள். நீலத்தை அறுத்தாள். சிவப்பைக் கட்டினாள். வரிசை முழுக்க அப்படியே செய்தாள். அறுத்த நூலை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

ஒரு வாரம் தினமும் இது நடந்தது. காலையில் மகரந்தம் தொட்டு வைப்பதற்குக் கண் அவ்வளவாகத் தேவையில்லை, விரல் போதும். பிற்பகல் வேலை அவளுக்கு மிச்சம். அவள் செய்ததெல்லாம் நூல் மாற்றுவதுதான். ரத்தினபாய் செத்துவிட்டாள் என்று உறுதியாக நம்பினாள். வேறென்ன நினைப்பது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மெழுகுவத்தி ஒரு கட்டு வாங்கிக்கொண்டு பொத்தேரிக்குப் பஸ் ஏறினாள். போட்டோவுக்கு மாலை போட்டிருப்பார்கள், முன்னால் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று எண்ணம்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் ஓட்டு வீடு. தனசிங் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. கம்பெனியிலேருந்து வர்றீங்களா? உள்ள போங்க. முழிச்சுக்கிட்டுதான் இருக்கா."

செல்வமேரி மெழுகுவத்திக் கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

ரத்தினபாய் கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மரக்கட்டையாக விலாவோடு கிடந்தது. கண் திறந்திருந்தது, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வமேரி ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்தாள். சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

இடது கை எழுந்தது.

அந்தரத்தில் நின்று, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையோ கிள்ளின. ஒரு திருகு. கை இடதுபுறம் போய் விரல்கள் விரிந்தன. மறுபடி வந்தன. கிள்ளல், திருகல், போடல். பிறகு இல்லாத நூல் ஒன்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றி முடிச்சு. முடிச்சுக்கு மேல் விரல் நுனியால் ஒரு தட்டு. நகமும் நகமும் உரசியபோது அந்தச் சத்தம் கேட்டது. டிக்.

"டெய்லி இதே டயத்துக்கு ஆரம்பிச்சுடுறா" என்றார் தனசிங், கதவோரம் நின்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே. "அஞ்சரை வரைக்கும் விடாது. நரம்புத் துடிப்புங்கறார் டாக்டர். பிடிச்சு நிறுத்தினா அழறா. போன வாரம் வரைக்கும் இல்ல. இந்த வாரந்தான்."

பூ எடுத்தது இந்த வாரம்தான் என்று செல்வமேரி அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வந்த எதையுமே சொல்லவில்லை. எழுந்து, பஸ் வந்துவிடும் என்று உளறி, மெழுகுவத்திக் கட்டோடு வெளியே வந்துவிட்டாள்.

செத்தவளாயிருந்தால் மந்திரித்துவிடலாம். உயிரோடு இருக்கிறவளை என்ன செய்வது? ரத்தினபாய் பழி வாங்க வரவில்லை என்பது அவளுக்கு அந்த வீட்டிலேயே புரிந்துவிட்டது. தன் கை சரிதானா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். தினமும் பரீட்சை எழுதுகிறாள். எழுதிய தாளைத் தினமும் செல்வமேரி கிழித்துப்போடுகிறாள். உண்மையைச் சொன்னால் கை நின்றுவிடும். கை நின்றால் செல்வமேரியின் பிழைப்பும் நின்றுவிடும். தராசு அப்படி நின்றது. அவள் பிழைப்பைத் தேர்ந்துகொண்டாள். அவளைத் திட்டுகிறவர்கள் திட்டலாம். எனக்கும் திட்டத்தான் தோன்றுகிறது.

அந்த வருஷம் சிவப்புத் தட்டில் ஒரு பச்சைகூட இல்லை. சாம்பசிவன் சாரே நம்பவில்லை. இரண்டாம் தடவை விதைத்துப் பார்த்தார். அப்போதும் இல்லை. மறு வருஷமும் இல்லை. "இந்த மாதிரிக் கையை நான் பார்த்ததே இல்ல" என்று வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகளிடம் செல்வமேரியின் கையைக் காட்டினார். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். செல்வமேரி கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். அடுத்த பருவம் முடிந்ததும் வேலை நிரந்தரம், மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை, வயலில் குனியவே வேண்டாம் என்றார். செல்வமேரிக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒரே ஒரு பருவம்.

அந்த ஒரு பருவம்தான் அவளைத் தின்றது.

தொண்ணூறாம் வருஷம் தை. பூ எடுப்பதற்கு முன்னாலேயே நீலம் வந்துவிட்டது. விரல்கூட நுழையாத பிஞ்சு மொட்டுகளில் கட்டியிருந்தது. பிறகு இலைக் காம்புகளில். செடிக்குத் தாங்கலாக நட்ட குச்சிகளில். தண்ணீர்க் குழாயில், முள்கம்பி வேலியின் ஒவ்வொரு முள்ளிலும். எல்லாம் எதிர்ப்பக்கம் சுற்றிய முடிச்சு. முன்பெல்லாம் பதறாமல் வந்த டிக் சத்தம் இப்போது நிற்காமல், ஆத்திரத்தோடு, வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஓடியது. மற்றப் பெண்களுக்கு அது கேட்கவில்லை. நூலை மட்டும் பார்த்தார்கள். "யார் இப்டி கட்டி வெக்கிறது, பேஜாராக்கீது" என்று காந்திமதி பிய்த்துப் போட்டாள். செல்வமேரி காலை ஏழு மணிக்கே வந்து பிளேடால் அறுத்தாள். அறுக்க அறுக்க அதிகமாயிற்று. சோற்றுத் தூக்கின் பிடியில் ஒருநாள் இருந்தது. செபமாலையின் மணிகளுக்கு நடுவில் ஒருநாள் இருந்தது.

மாசி முதல் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து பல்லாவரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் யாரும் ஒட்டி நிற்கவில்லை. இடுக்கிப் பிடித்ததுபோல் சுண்டு விரலில் ஒரு வலி. பார்த்தால் விரலடியில் நீல நூல், சதை பிதுங்க இறுக்கிக் கட்டியிருந்தது. விரல் கறுத்துக்கொண்டு வந்தது. பிரிக்கப் பிரிக்க வரவில்லை; எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கட்டிப் பழகியது வேறு பக்கம். பிளேடால் வெட்டியபோது தோலும் சேர்ந்து வெட்டுப்பட்டது. முடிச்சை அறுத்த அடுத்த கணம், அந்த விரலின் மேல் மெதுவாக ஒரு தட்டு விழுந்தது.

பஸ் முழுக்க ஆள் இருக்கும்போதே அவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

மறுநாள் காலை நேரே சாம்பசிவன் சாரின் அறைக்குப் போனாள்.

"சார், என் ஏழாவது வரிசைல நீலம் கட்டிக்கீது. அத யாரும் அறுக்கக் கூடாது. அந்தப் பழத்தத் தனியா எடுத்துத் தட்டுல போட்டுப் பாருங்க."

"யார் நூல் அது?"

"ரத்தினபாய் அக்காவுது."

"அந்தம்மா போய் மூணு வருஷம் ஆச்சேம்மா."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். கண் மங்கியதை, கண்ணாடிக்குப் பயந்ததை, சந்தேகப் பூக்களுக்கு நீலம் கட்டியதை. கட்டிலில் ஆடுகிற கையையும் சொன்னாள். முதல் பாதியைக் கேட்டு சாருக்கு முகம் சிவந்தது. பின்பாதியைக் கேட்டு இரக்கம் வந்துவிட்டது. பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார். ஒரு புத்தகத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்து வாசிக்கச் சொன்னார். அவள் எட்டப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள், ஒரு எழுத்தும் வரவில்லை.

"அப்ப இந்த ரெண்டு வருஷம் பூ எடுத்தது யாரு?"

"அது என் கை இல்ல சார்."

திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்றார். ஆனால் மனுஷன் விதைக்காரர் அல்லவா, ஏழாவது வரிசையைத் தொடக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். அந்த வரிசைக்கு மட்டும் காலையில் தானே போய் மகரந்தம் வைத்தார். காய் பழுத்து, விதை எடுத்து, மணலில் விதைத்து, எண்ணி முடிக்கச் சித்திரை ஆகிவிட்டது. செல்வமேரி வந்து கேட்டபோது ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பொத்தேரி வீட்டில் அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால். வெயில் ஓட்டைப் பிளந்தது. தனசிங் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். ரத்தினபாய் பாதியாக வற்றிவிட்டிருந்தாள். எலும்பும் தோலுமான அந்த உடம்பில் இடது கை மட்டும் நிற்காமல், ஆத்திரமாக, கிள்ளித் திருகிப் போட்டுக்கொண்டிருந்தது. பூ முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அது நிற்கவில்லை. ஆள்காட்டி விரலின் நகம் தேய்ந்து சதை தெரிந்தது.

செல்வமேரி கட்டிலோரம் முழங்கால் போட்டாள்.

"அக்கா, நாந்தான்க்கா. எனக்குக் கண்ணு தெரியல. தப்புன்னு தோணுன பூவுக்கெல்லாம் உன் நூலக் கட்டுனேன். அம்பத்தேழும் என்னுது. நீ கேட்டப்போ பொய் சொன்னேன். அப்புறமும் உன் வேலைய என் வேலன்னு சொல்லித் தின்னேன். கேக்குதாக்கா?"

கை நிற்கவில்லை. கண் சுவரை விட்டுத் திரும்பவில்லை.

"என்ன அடிக்கா. அந்தக் கையாலயே அடி." முகத்தைக் கொண்டுபோய்க் கைக்கு நேரே நீட்டினாள். கை அவள் கன்னத்தில் முட்டியது. குறுக்கே வந்த இலையை ஒதுக்குவதுபோல் அவள் முகத்தைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, அந்தப் பக்கம் இருந்த அடுத்த பூவைக் கிள்ளியது.

பின்னால் தனசிங் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார்.

செல்வமேரிக்கு அப்போதுதான் சீட்டு ஞாபகம் வந்தது. ரவிக்கையிலிருந்து எடுத்தாள். பிரித்தாள். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை, சார் படித்துச் சொன்னது மனப்பாடம்.

"சாம்பசிவன் சார் எழுதிக் குடுத்துக்கீறாருக்கா. நீல நூல். நாத்து நானூறு. பச்ச ஒண்ணுகூட இல்ல. நானூறும் ஊதா."

கை அந்தரத்தில் நின்றது.

விரல்கள் கிள்ளியது கிள்ளியபடி இருந்தன. ஒருமுறை, இரண்டுமுறை அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கை மெதுவாக இறங்கி வயிற்றின் மேல் படுத்துக்கொண்டது. ரத்தினபாய் கண்ணை மூடினாள்.

தனசிங் ஓடிவந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். நாடி பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"தூங்குறா" என்றார். "பகல்ல அவ கண்ண மூடி எத்தனை நாளாச்சு."

செல்வமேரி அவர் காலைத் தொடப் போனாள். "அண்ணா, நான் செஞ்சதுக்கு" என்று ஆரம்பித்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து அவளை நிறுத்தினார்.

"சத்தம் போடாதீங்க. எழுந்து போயிடுங்க. அவ தூங்கட்டும்."

குரலில் கோபம் இல்லை. அவளைப் பற்றிய எதுவுமே அதில் இல்லை. ஓங்கி ஒரு அறை வாங்கிக்கொண்டு போகத்தான் அவள் அவ்வளவு தூரம் வந்தாள். வாங்கியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும். ரத்தினபாய்க்கு வேண்டியிருந்தது அந்த நானூறு ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து கொடுத்தது யார், முதலில் அதைப் பறித்தது யார் என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டே இல்லை. மன்னிக்கக்கூட அவள் செல்வமேரியை நினைக்கவில்லை.

செல்வமேரி சீட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.